இளகாத தண்ணீர்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதையான அஞ்சடியில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது மகள் ஆங்கிலப் பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "அப்பா, ரிலெண்ட்லெஸ் ரெயின்னா என்ன?"

"விடாத மழை" என்றேன். சரியான பதில்தான். ஆனால் அந்தச் சொல்லுக்குள் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

லெண்டுஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு வளைந்துகொடுப்பது என்று பொருள். அதன் வழியாக வந்த ரிலெண்ட் என்றால் இளகுவது, மனம் இரங்குவது. லெஸ் சேர்ந்துவிட்டால் இளகவே இளகாதது. ஒரே அடியோடு முடிகிற வேகத்துக்கு இந்தச் சொல்லைப் போடுவதில்லை. இடி எவ்வளவு பெரிதாக விழுந்தாலும் அது ரிலெண்ட்லெஸ் இல்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிறோமே, அந்த எறும்புக்குத்தான் இது பொருந்தும்.

குடையை மடக்கி, முனையை மட்டும் லோங்காங் (சாலையோரச் சாக்கடைக் கால்வாய்) தண்ணீரில் விட்டுப் பார்க்கச் சொன்னேன். குடை ஒரு பக்கமாக இழுபட்டது. அவள் கையை இறுக்கினாள், இழுப்பு குறையவில்லை. முனைக்குப் பின்னால் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து சுழிந்தது, கைப்பிடி நடுங்கியது.

நடப்பது இதுதான். வந்து மோதும் தண்ணீர் தன் வேகத்தில் ஒரு பங்கைக் குடைக்குக் கொடுத்துவிட்டு விலகிப் போகிறது. அது போன இடத்துக்கு அடுத்தது வந்துவிடுகிறது. மாடு முட்டினால் ஒரு முட்டோடு போகும். தண்ணீருக்கு அந்த இடைவெளி கிடையாது. வேகம் இரண்டு மடங்கானால், ஒரு விநாடியில் வந்து மோதும் தண்ணீரும் இரண்டு மடங்கு, அது கொண்டுவரும் வேகமும் இரண்டு மடங்கு. ஆகவே தள்ளுவிசை நான்கு மடங்கு. முழங்கால் அளவுத் தண்ணீரில் நிற்பவரை, விநாடிக்கு 1 மீட்டர் ஓட்டம் ஏறக்குறைய 7 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 2 மீட்டர் ஓட்டமென்றால் ஏறக்குறைய 28 கிலோ. அதுவும் ஓயாமல்.

கார் கதை இன்னும் மோசம். கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. சிறிய காரின் அடிப்பரப்பு சுமார் 7 சதுர மீட்டர். அடித்தட்டுக்கு மேலே தண்ணீர் 10 சென்டிமீட்டர் ஏறினாலே, உள்ளே புகாதவரை, 700 கிலோவைத் தூக்கிவிடும். டயர் இன்னும் தரையைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும், ஆனால் பிடிப்பு போய்விட்டது. அப்புறம் பக்கவாட்டில் ஒரு தள்ளு போதும். அதனால்தான் "ஒரு அடித் தண்ணிதானே, போயிடலாம்" என்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தயவுசெய்து போகாதீர்கள்.

கோலாலம்பூர் பிறந்ததே கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்தில். கிழக்கே மலை, நகரெங்கும் சிமெண்டுத் தரை. பெய்த மழை மண்ணில் இறங்க வழியில்லாமல் ஒரேயடியாக ஆற்றுக்கு ஓடுகிறது. இளகாததை எதிர்த்து நிற்காமல் அதற்கு வேறு வழி விட்டதுதான் 2007இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கப்பாதை. நீளம் 9.7 கிலோமீட்டர். அம்பாங் பக்கம் கிள்ளான் ஆற்றின் வெள்ளத்தை வாங்கி, நகரத்துக்கு அடியிலேயே தாமான் டேசா ஏரிக்குக் கொண்டுபோகிறது. அதன் நடுப்பகுதியில் மேலும் கீழுமாக இரண்டு தட்டுச் சாலை. ஓரளவு வெள்ளம் என்றால் தண்ணீர் சாலைக்கு அடியில் ஓடும், மேலே கார்கள் வழக்கம்போல் போகும். பெருவெள்ளம் என்றால் கார்களையெல்லாம் வெளியேற்றி, கதவுகளைத் திறந்து, சாலையையும் தண்ணீருக்கே விட்டுவிடுவார்கள்.