பையனைத் திட்டாதீர்கள், பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்

"இவனுக்கு வாய்க்கட்டுப்பாடே இல்லை, டாக்டர். சிப்ஸோ பிஸ்கட்டோ, ஒரு பொட்டலத்தைப் பிரித்தால் காலி செய்யாமல் விடமாட்டான்." போன வாரம் ஒரு தாய் சொன்னது. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு தெரிந்தது. பையன் இன்னும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. தலையைக் குனிந்தபடி சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். பசியைக் குறைக்க மாத்திரை ஏதும் உண்டா என்று அவன் அப்பா கேட்டார். குழந்தைகள் மருத்துவராக இந்தப் பேச்சைக் கேட்காமல் எனக்கு ஒரு வாரம்கூடப் போவதில்லை. ஒவ்வொரு முறையும் குற்றவாளிக் கூண்டில் நிற்பது குழந்தைதான். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

சர்க்கரை மிகுந்தால் கல்லீரலில் கொழுப்பு சேரும் என்பதை இங்கே விளக்கப்போவதில்லை. என்னை எரிச்சலூட்டுவது, "மனக்கட்டுப்பாடு இருந்தால் நாலைத் தின்றுவிட்டு மூடி வைக்கலாமே" என்ற வாதம். படித்தவர்களும் சொல்கிறார்கள், என் சக மருத்துவர்கள் சிலரும் சொல்கிறார்கள். நாலோடு நிறுத்த முடியாதபடி ஒரு பண்டத்தைச் செய்வதற்கென்றே ஆய்வகம் வைத்து ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பது இவர்களுக்கு உறைப்பதே இல்லை.

இனிப்பைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டம் வரை நாக்குக்குப் பிடிக்கும், பிறகு திகட்டும். மிக அதிகமாகப் பிடிக்கும் அந்த இடத்துக்கு 'பிளிஸ் பாயிண்ட்' என்று பெயர். அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் மாஸ்கோவிட்ஸ் அதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் முறையை நிறுவனங்களுக்குச் செய்து கொடுத்தார். ஒரே சுவை ஓங்கி நின்றால் மூளை சீக்கிரம் 'போதும்' என்றுவிடும் என்பதால், எந்தச் சுவையும் தனித்துத் தலைதூக்காதபடி உப்பையும் இனிப்பையும் கொழுப்பையும் கலக்கிறார்கள். வாயில் போட்டதும் கரைந்துபோகும் பொரி வகைகளில் இன்னொரு தந்திரம் உண்டு: பண்டம் மறைந்ததும், அதிலிருந்த கலோரியும் மறைந்துவிட்டதாக மூளை ஏமாறுகிறது என்பது உணவு அறிவியலாளர் ஸ்டீவன் விதர்லியின் விளக்கம். சத்தம்கூடக் கணக்கில் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் சார்லஸ் ஸ்பென்ஸும் மாசிமிலியானோ சாம்பினியும் சிப்ஸ் கடிப்பவர்களின் காதில், அவர்கள் கடிக்கும் ஓசையையே கூட்டியும் குறைத்தும் கேட்க வைத்தார்கள். நொறுங்கும் ஓசை கூடியபோது அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் தோன்றியது. இத்தனையையும் எதிர்த்து நிற்கவேண்டியது பத்து வயதுப் பிள்ளையின் மனக்கட்டுப்பாடாம்!

இன்னும் நம்பாதவர்களுக்கு ஒரு ஆய்வு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹாலின் குழு 20 பெரியவர்களை நான்கு வாரம் மருத்துவமனையிலேயே தங்கவைத்தது. இரண்டு வாரம் ஆலைத் தயாரிப்பு உணவு, இரண்டு வாரம் வழக்கமாகச் சமைத்த உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவு கிடைத்த வாரங்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, ஏறக்குறைய ஒரு கிலோ எடை கூடினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு குறைந்தார்கள். 2019இல் வெளியான முடிவு இது. மனிதர்கள் அதே மனிதர்கள்தான். இரண்டு வாரத்தில் அவர்களுடைய ஒழுக்கம் கெட்டுத் திருந்திவிட்டதா என்ன?

நிறுத்த முடியாமல் தின்பதை அடிமைத்தனம் என்று சொல்லலாமா என்பதில் எங்கள் துறைக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. மனநோய்களின் அதிகாரபூர்வப் பட்டியலில் அப்படியொரு நோய் இல்லை. ஆனால் தின்பண்டத்தைப் பிடுங்கியதும் என்னிடம் வரும் குழந்தைகளுக்கு உண்டாகும் எரிச்சலையும் ஒளித்துவைத்துத் தின்பதையும் பார்த்தவள் நான். பெயரைப் பற்றி அவர்கள் சண்டை போடட்டும்.

இந்தப் பண்டங்களைச் சந்தைப்படுத்தும் வித்தை எங்கிருந்து வந்தது என்று யோசிப்பவர்களுக்கு: சிகரெட் நிறுவனமான ஃபிலிப் மோரிஸ் 1985இல் ஜெனரல் ஃபுட்ஸ், 1988இல் கிராஃப்ட் என்ற பெரிய உணவு நிறுவனங்களை வாங்கியது. இன்னொரு சிகரெட் நிறுவனமான ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் 1985இல் பிஸ்கட் தயாரிக்கும் நபிஸ்கோவை வாங்கியது. இதய நோய்ப் பழியைச் சர்க்கரையிலிருந்து கொழுப்பின் பக்கம் தள்ளும் கட்டுரைக்காக 1960களில் சர்க்கரைத் தொழிலின் ஆய்வு அமைப்பு ஹார்வர்டு விஞ்ஞானிகளுக்குப் பணம் கொடுத்ததும் 2016இல் அம்பலமானது. அதே 2016இல் சிலி நாடு, சர்க்கரையோ உப்போ மிகுந்த பொட்டலங்களில் கறுப்பு எண்கோண முத்திரை குத்தவைத்து, அவற்றின் மேலிருந்த கார்ட்டூன் பொம்மைகளையும் அகற்றவைத்தது. முடியும் என்றுதானே அர்த்தம்?

அந்தத் தாயின் கைப்பையில் ஒரு பிஸ்கட் பொட்டலம் இருந்தது. "இது சத்தானது டாக்டர், பால் சேர்த்தது" என்றார். முன்பக்கம் கோதுமைக் கதிர், ததும்பும் பால் தம்ளர். திருப்பினேன். சேர்மானங்களை எடை வரிசையில்தான் அச்சிடுவார்கள், அதிகமானது முதலில். மாவு, சர்க்கரை, எண்ணெய், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், உப்பு, அதற்கும் பிறகு பால் பொடி. உப்பைவிடக் குறைவான பாலுக்கு ஒரு தம்ளர் படம்! இன்வர்ட் சிரப்பும் டெக்ஸ்ட்ரோஸும்கூடச் சர்க்கரைதான்; இப்படி மூன்று பெயரில் பிரித்தால் எதுவும் முதலிடத்துக்கு வராது. கூட்டிப் பார்க்க வேண்டியது நீங்கள். ஒரு முறை சாப்பிடும் அளவு என்று இரண்டே பிஸ்கட்டைக் காட்டும் கட்டத்தை விட்டுவிடுங்கள். 100 கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

குளிர்பானத்தை முதலில் நிறுத்துங்கள். 330 மில்லி கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கே நாளெல்லாம் சேர்த்துச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலகச் சுகாதார அமைப்பு. பெட்டியில் வரும் பழச்சாறு மாற்று இல்லை. பழத்தைக் கடித்துத் தின்னட்டும். நல்ல மதிப்பெண்ணுக்குப் பரிசாகவும், அழுகையை நிறுத்தவும் பொட்டலம் கொடுக்காதீர்கள். வாங்கி வந்து அலமாரி உச்சியில் ஒளித்துவைத்துவிட்டு, பிள்ளை நாற்காலி போட்டு ஏறியதாக என்னிடம் புகார் சொல்லாதீர்கள், வாங்காதீர்கள், அவ்வளவுதான். பிறந்தநாள் விழாவில் ஒரு துண்டு கேக் தின்றால் நான் கோபப்பட மாட்டேன். தினமும் மாலையில் வீட்டுக்குள் வருவதுதான் என் கவலை. அப்பா ஒளிந்து தின்பதும் இதில் அடக்கம்.

ஒரு வேண்டுகோள். பிள்ளையின் உடம்பைப் பற்றி உறவினர் முன்னால் பேசாதீர்கள். அவனுக்கென்று தனிச் சமையலும் வேண்டாம். வீட்டில் எல்லோரும் ஒன்றையே சாப்பிடுங்கள். முதல் சில நாட்கள் அடம் பலமாக இருக்கும், தாத்தா பாட்டியின் மனம் இளகும். அவர்களிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிட்டு, ஒரு விடுமுறையில் தொடங்குங்கள். தேர்வு நேரத்தில் வேண்டாம்.