நிமோனியா தடுப்பூசி: முதல் பிறந்தநாளுக்குள் போட்டுவிடுங்கள்

கொரோனா லாக்டவுனில் குழந்தைகளுக்கு நெஞ்சுச்சளி குறைந்திருந்தது. நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமி அப்போதும் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கத்தான் செய்தது. அது நுரையீரலுக்குள் இறங்க வழி திறந்துவிடும், சளி காய்ச்சல் தரும் ஆர்எஸ்வி, ஃப்ளூ வைரஸ்கள்தான் பரவ ஆளில்லாமல் அடங்கிக் கிடந்தன. ஊர் திறந்ததும் அவை திரும்பிவிட்டன. ஒற்றை அறையில் ஆறு பேர் படுக்கும் வடசென்னையின் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை வீடுகளில் யாரை யாரிடமிருந்து தள்ளிப் படுக்க வைப்பது? ஊசிதான் கதி.

2021 ஜூலை முதல் தமிழ்நாட்டின் அரசு சுகாதார நிலையங்களில் பிசிவி எனும் இந்த நிமோனியா ஊசி இலவசம். ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதம் என மூன்று தவணை. தனியாரில் போட்டால் ஆயிரக்கணக்கில் போய்விடும்.

சிக்கல் வயதில் இருக்கிறது. முதல் தவணையை ஒரு வயதுக்குள் போட்டிருந்தால், மீதியைத் தாமதமாகவும் போட்டு முடிக்கலாம். ஒன்றுகூடப் போடாமல் பிறந்தநாள் தாண்டினால் இலவச ஊசி கிடையாது. இது தெரிந்தும் சில சுகாதார நிலையங்களில் அலைய விடுகிறார்கள். “அடுத்த புதன்” என்று பென்சிலில் எழுதி அடித்து, மறுபடி எழுதி அடித்த ஒரு தடுப்பூசி கார்டைப் பார்த்தேன். குழந்தைக்கு அதற்குள் பதின்மூன்று மாதம்.

“பிள்ளைங்க சேரல, ஒரு பிள்ளைக்காக பாட்டில் உடைக்க முடியாது” என்பார்கள். தட்டம்மை ஊசிக்கு அது சரி, திறந்த நான்கு மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். பிசிவி குப்பியை முறைப்படி குளிரில் வைத்தால் 28 நாள் வரை பயன்படுத்தலாம். அதனால் ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசியைத் தள்ளிப்போட்டாலும் பிசிவியை அன்றே கேளுங்கள்.

“லேசா சளி இருக்கு, அப்புறம் வாம்மா” என்பதும் செல்லாது. சாதாரண சளி, இளஞ்சூடு ஊசிக்குத் தடை இல்லை.

பிரசவத்துக்குத் தாய்வீடு போய் வந்தவர்களிடம் “கார்டு போட்ட ஊர்லயே போடுங்க” என்கிறார்கள். தாய்வீடு திருவண்ணாமலையில் என்றால் அதற்காக அங்கே பஸ் ஏறாதீர்கள். எந்த ஊர் கார்டாக இருந்தாலும், வாடகை வீடானாலும், ஆதாரில் வேறு முகவரி இருந்தாலும் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டாக வேண்டும். கார்டு தொலைந்திருந்தால் கர்ப்பத்தைப் பதிந்தபோது தந்த பிக்மி எண்ணைச் சொன்னால் தேட எளிது. அந்த எண்ணை இப்போதே போனில் படமெடுத்து வையுங்கள்.

மறுத்தால் சண்டை வேண்டாம். “ஏன் போடலைன்னு கார்டுல எழுதிக் குடுங்க” என்று கேளுங்கள், பாதி இடத்தில் ஊசி வெளியே வந்துவிடும். வராவிட்டால் அங்கேயே நின்று அரசு சுகாதார உதவி எண் 104-க்கோ சென்னை மாநகராட்சியின் 1913-க்கோ போன் போட்டு, புகார் எண் வாங்காமல் வைக்காதீர்கள்.