ஃபேஸ் மாஸ்க் உறையின் பின்பக்கத்தைப் படிப்பது எப்படி?

அழகுக்காக முகத்தில் போடும் ஃபேஸ் மாஸ்க் உறையின் முன்பக்கத்தை எழுதுவது விற்பனைப் பிரிவு. பின்பக்கத்தை எழுத வைப்பது சட்டம். சரும மருத்துவராக என் நேரத்தில் கணிசமான பகுதி, முன்பக்கத்தை நம்பி வாங்கியவர்களுக்குப் பின்பக்கத்தைப் படித்துக் காட்டுவதிலேயே போகிறது.

பின்பக்கத்தில் இருக்கும் உட்பொருள் பட்டியலின் விதி பெரும்பாலான நாடுகளில் ஒன்றுதான். எது அதிகமோ அது முதலில். அளவு குறையக் குறையக் கீழே. முதலில் 'அக்வா' என்றிருந்தால் அது தண்ணீர். அடுத்து கிளிசரின், பியூட்டிலீன் கிளைக்கால் போன்ற ஈரம் பிடித்துவைக்கும் பொருள்கள். களிமண் மாஸ்க் என்றால் கயோலின் அல்லது பென்டோனைட். இந்த முதல் ஐந்தாறு பெயர்கள்தான் பெரும்பாலும் உங்கள் மாஸ்க். ஆனால் விதியில் ஒரு சந்து இருக்கிறது: 1 சதவீதத்துக்குக் குறைவாக உள்ளவற்றை எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதலாம். பெயருக்குச் சேர்த்த மூலிகைச் சாற்றை அந்தக் கூட்டத்தின் முதல் ஆளாக நிறுத்திவிடலாம், கேட்பாரில்லை.

அந்த 1 சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று உறை சொல்லாது. நான் பீனாக்ஸிஎத்தனாலைத் தேடுவேன். பொருள் கெடாமல் காக்கும் இதை ஐரோப்பிய ஒன்றியத்தில் 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. ஆகவே இதற்குப் பின்னால் வருபவை ஏறக்குறைய எல்லாமே 1 சதவீதத்துக்கு உட்பட்டவை. வைட்டமின் பி3-இன் ஒரு வடிவமான நயாசினமைடு பொதுவாக 2 முதல் 5 சதவீதம் வரை இருந்தால்தான் பலன் எதிர்பார்க்கலாம். அது பீனாக்ஸிஎத்தனாலுக்குப் பின்னால் பதுங்கியிருந்தால் முன்பக்கத்தில் எவ்வளவு பெரிதாக அச்சிட்டாலும் பயனில்லை. ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை), சோடியம் ஹயலூரனேட் (ஈரம் பிடித்துவைப்பது) போன்ற சில மட்டும் விதிவிலக்கு. அவை சிறிய அளவிலேயே வேலை செய்யும்.

பலனுக்குப் பட்டியலின் தலையைப் பார்க்க வேண்டும் என்றால், தொல்லைக்கு அதன் வாலைப் பார்க்க வேண்டும். ஒவ்வாமைக்குச் சதவீதக் கணக்கெல்லாம் பொருட்டில்லை. மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பதப்படுத்தும் பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். இதனால் தோல் அழற்சி பெருகியதைக் கண்டு, அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2013-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக இதை அறிவித்தது. கழுவாமல் விடும் அழகுசாதனங்களில் இதை ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் தடை செய்தது. கழுவிவிடும் பொருள்களில் பத்து லட்சத்துக்கு 15 பங்கு என்று 2018-இல் வரம்பு கட்டியது. அவ்வளவு சொற்பம்கூட ஏற்கெனவே ஒவ்வாமை உண்டானவர்களுக்குப் போதும்.

இங்கே, திரவத்தில் நனைத்த துணியாக வரும் ஷீட் மாஸ்க் தனிக் கவனம் பெறுகிறது. 'எடுத்த பிறகு கழுவ வேண்டாம், மிச்சத்தைத் தடவிவிடுங்கள்' என்று உறையிலேயே இருக்கும். அதாவது அது கழுவாமல் விடும் பொருள். போதாக்குறைக்கு, ஈரத் துணி தோலை மூடிக்கொண்டிருக்கும் வரை உட்பொருள்கள் வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே செல்லும். நல்லதும் செல்லும், கெட்டதும் செல்லும். மாஸ்க் போட்டு ஓரிரு நாள் கழித்து வருபவர்களின் முகத்தில் சில சமயம் அதன் அச்சு அப்படியே பதிந்திருக்கும். நெற்றி, கன்னம், தாடை சிவந்து தடித்திருக்க, துணியில் வெட்டியிருந்த கண்ணும் வாயும் மட்டும் பழைய நிறத்தில் தெரியும். இன்னும் என்ன சாட்சி வேண்டும்? "போட்ட அன்று ஒன்றுமே ஆகவில்லையே டாக்டர்" என்பார்கள். எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு. எரிச்சல் சில நிமிடங்களிலோ மணிகளிலோ தெரிந்துவிடும். தொடு ஒவ்வாமை பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். அதற்குள் பழி வேறு எதன் மீதாவது விழுந்திருக்கும்.

வாலில் இருக்கும் இன்னொரு ஆள் 'பர்ஃபம்', அதாவது வாசனை. இந்த ஒரே சொல்லுக்குள் பல பத்து வேதிப்பொருள்கள் இருக்கலாம். லினலூல், லிமோனீன், ஜெரானியால் உள்ளிட்ட 26 வாசனை ஒவ்வாமைப் பொருள்களைத் தனித்தனியே குறிப்பிட வேண்டும் என்றிருந்த ஐரோப்பிய விதி, 2023-இல் எண்பதுக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு விரிந்தது. இந்தப் பெயர்களைச் செயற்கை என்று நினைத்துவிடாதீர்கள். லாவெண்டர் எண்ணெயில் லினலூலும், ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் லிமோனீனும் தாமாகவே இருக்கின்றன. 'முழுக்க இயற்கை' என்ற மாஸ்க்கால் அவதிப்பட்டவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அதேபோல 'ஹைப்போஅலர்ஜெனிக்' (ஒவ்வாமை தர வாய்ப்புக் குறைவு) என்ற முத்திரைக்கு அமெரிக்காவில் சட்டபூர்வ வரையறையே கிடையாது.

அமில மாஸ்க்குகளில் அவசரம் கூடாது. கிளைக்காலிக், லாக்டிக் அமிலங்கள் வீட்டுப் பயன்பாட்டில் 10 சதவீதத்துக்கு மிகாமலும், பி.எச். (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 3.5-க்குக் குறையாமலும் இருப்பது பாதுகாப்பு என்று அமெரிக்க அழகுசாதன உட்பொருள் ஆய்வுக் குழு சொல்கிறது. இவற்றால் சருமம் வெயிலுக்கு எளிதில் பாதிக்கப்படும். நிறுத்திய பின்னும் ஒரு வாரம் சன்ஸ்கிரீன் தேவை. இரவில் ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை மருந்து) பூசுபவர்கள் அதே நாளில் இதையும் போட்டுக்கொண்டு வந்து முகம் எரிகிறது என்றால், எரியத்தான் செய்யும்.

ஆல்கஹால் என்று கண்டதும் அலற வேண்டாம். சீட்டைல், சீட்டரில் ஆல்கஹால்கள் சருமத்தை மென்மையாக்கும் கொழுப்பு வகையைச் சேர்ந்தவை. வறட்டுவது 'ஆல்கஹால் டினாட்' என்ற, எளிதில் ஆவியாகும் எத்தனால். அது முதல் மூன்று நான்கு இடங்களுக்குள் இருந்தால் வறண்ட சருமத்தினர் தள்ளிவைக்கலாம். உரித்தெடுக்கும் கறுப்பு மாஸ்க்கில் இருக்கும் பாலிவினைல் ஆல்கஹால், காய்ந்ததும் படலமாக இறுகும் பசை. உரிக்கும்போது மெல்லிய முடியும் தோலின் மேலடுக்குச் செல்களும் கூடவே வரும். மூக்கிலிருந்து வந்த கறுப்புப் புள்ளிகள் என்று பலர் மகிழ்வது, துளைகளில் எப்போதும் இருக்கும் எண்ணெய்க் கசிவைத்தான். சில வாரங்களில் அது திரும்ப நிறைந்துவிடும். இந்த வகையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

களிமண் மாஸ்க் எண்ணெய்ச் சருமத்துக்கு நல்லது. வெடித்து உதிரும் வரை காயவிடாமல், லேசான ஈரம் இருக்கும்போதே கழுவிவிடுங்கள்.

புதிய மாஸ்க்கை முகத்தில் போடுமுன் முன்கையின் உட்பகுதியில் ஓரிடத்தில் தினமும் இரண்டு வேளை, ஒரு வாரம் தடவிப் பாருங்கள். கழுவ வேண்டிய வகையாக இருந்தால், உறையில் சொன்ன நேரத்தில் கழுவிவிடுங்கள். நமைச்சலோ தடிப்போ வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். முகத்திலேயே வந்துவிட்டால் வெறும் தண்ணீரில் கழுவி, மற்ற எல்லா கிரீம்களையும் நிறுத்துங்கள். கண் இமை வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைக்குச் செல்லுங்கள். மற்றபடி மருத்துவரிடம் வரும்போது உறையையும் எடுத்து வாருங்கள். முதுகில் ஒட்டி 48 மணி நேரம் கழித்து ஒரு முறையும், மீண்டும் ஓரிரு நாள் கழித்து ஒரு முறையும் பார்க்கும் பேட்ச் பரிசோதனையில் எந்தெந்தப் பொருளைச் சோதிப்பது என்பதை அந்தப் பட்டியலை வைத்துத்தான் முடிவு செய்வோம்.