சீயிங்: தமிழில் காண்நிலை

தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் கொஞ்ச நேரத்தில் ‘சீயிங்’ என்ற சொல் வந்துவிடும். ‘வானம் சுத்தமாத்தான் இருக்கு, சீயிங்தான் மோசம்’ என்பார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் புரியாது. மேகம் இல்லை, நட்சத்திரமெல்லாம் பளிச்சென்று தெரிகிறது, அப்புறம் என்ன மோசம்?

சொல் என்னவோ ரொம்பச் சாதாரணமானது, ‘பார்த்தல்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்தான். 19ஆம் நூற்றாண்டின் வானியலாளர்கள் ‘இன்றிரவு சீயிங் நன்று’, ‘சீயிங் மோசம்’ என்று குறித்துவைக்கப்போய் அது துறைச் சொல்லாகிவிட்டது. பார்ப்பவரின் கண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மேகம், தூசி, நகர வெளிச்சம் எதற்கும் சம்பந்தமில்லை. தலைக்கு மேலிருக்கும் காற்று, தொலைநோக்கியில் விழும் பிம்பத்தை எவ்வளவு ஆட்டிக் கலைக்கிறது என்பது மட்டும்தான் சீயிங்.

காற்று ஏன் பிம்பத்தை ஆட்டுகிறது? சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை ஒரே அளவில் வளைப்பதில்லை. சித்திரை வெயிலில் தார்ச்சாலைக்கு மேல் எதிரே வரும் வண்டி நெளிந்து தெரிகிறதே, அதே சங்கதிதான் வானத்திலும் நடக்கிறது. வெவ்வேறு வெப்பநிலையில் இருக்கும் காற்றுப் பொதிகள் கலந்து புரள்கின்றன. ஒரு விண்மீனிலிருந்து பல ஆண்டுகள் பயணித்து ஒழுங்காக வந்த ஒளியலை, கடைசிச் சில கிலோமீட்டரில் இந்தப் புரட்டலில் சிக்கிக் கசங்கிப்போகிறது. இதில் பெரும்பங்கு தரையை ஒட்டிய காற்றுக்கு. 10 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் வேகமான காற்றோட்டத்துக்கும் பங்கு உண்டு. மீதியைச் செய்வது நாமேதான்: பகலெல்லாம் சூடேறிய காங்கிரீட் மொட்டைமாடியில், வீட்டுக்குள்ளிருந்து எடுத்துவந்த தொலைநோக்கியை வைத்த உடனே வியாழனைப் பார்த்தால் அது கொதிப்பதுபோலத்தான் தெரியும்.

1704இல் வெளிவந்த ‘ஆப்டிக்ஸ்’ நூலிலேயே நியூட்டன் இதைச் சொல்லிவிட்டார். விண்மீன்களை நாம் பார்க்கும் காற்று ஓயாமல் நடுங்கிக்கொண்டிருக்கிறது, இதற்கு ஒரே மருந்து அமைதியான காற்று, அது ஒருவேளை உயர்ந்த மலையுச்சிகளில் கிடைக்கலாம் என்றார். சிலியின் பாரனால், ஹவாயின் மௌனா கியா, லடாக்கில் சுமார் 4,500 மீட்டர் உயரத்திலிருக்கும் ஹான்லே என்று ஆய்வகங்களெல்லாம் மலை ஏறிய கதைக்கு அந்த யோசனை இன்றும் பொருந்துகிறது.

நட்சத்திரம் மினுங்குவதும் சீயிங்கும் ஒன்றா என்றால், ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள். வெளிச்சம் கூடிக் குறைவது மினுக்கம். பிம்பம் இடம் மாறித் துள்ளி, பரவி, ஒரு புள்ளியாக இருக்கவேண்டியது பொட்டாகிப்போவது சீயிங். அந்தப் பொட்டின் அகலத்தை அளந்து, விகலையில் சொல்கிறார்கள். விகலை நம் பஞ்சாங்கச் சொல்தான்: பாகையில் அறுபதில் ஒன்று கலை, கலையில் அறுபதில் ஒன்று விகலை. முழுநிலா ஏறக்குறைய 1,800 விகலை அகலம்.

கணக்கு இங்கேதான் வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறது. ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு ஆய்வகத்தின் பெரிய தொலைநோக்கிக்கு 2.34 மீட்டர் ஆடி. ஒளியியல் விதிப்படி அது 0.06 விகலை வரை நுணுக்கம் காட்டவேண்டும். ஆனால் மேலே காற்று 1 விகலைக்குப் பொட்டை விரித்துவிட்டால், நீண்ட நேரப் படத்தின் கூர்மை 10, 12 சென்டிமீட்டர் தொலைநோக்கியின் கூர்மையைத் தாண்டாது. பெரிய ஆடி வாங்கிய காசுக்கு ஒளி கூடுதலாகச் சேரும், மங்கலானவை தெரியும், கூர்மை மட்டும் வராது. எந்த அளவு ஆடி வரை காற்று கூர்மையை விட்டுவைக்கிறது என்பதைத்தான் 1966இல் டேவிட் ஃபிரைட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் ஓர் எண்ணாக வரையறுத்தார். அவர் பெயராலேயே அது ஃபிரைட் அளவு எனப்படுகிறது.

செவ்வாயில் கால்வாய் ‘வெட்டியதில்’கூட சீயிங்குக்குப் பங்கு உண்டு. 1877இல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி அங்கே கோடுகளைப் பார்த்ததாகச் சொன்னார், அமெரிக்க வானியலாளர் லோவெல் அதை வேற்றுக்கிரகவாசிகளின் பாசனத் திட்டமாகவே ஆக்கிவிட்டார். 1909 செப்டம்பரில், காற்று அபாரமாக அடங்கிய ஓர் இரவில், பாரீஸுக்கு அருகே மியூடோனின் 83 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் வானியலாளர் அண்டோனியாடி பார்த்தபோது கோடுகள் காணாமல் போய், ஒழுங்கற்ற திட்டுகள்தான் தெரிந்தன.

இப்போது காற்றோடு மல்லுக்கட்ட வழி இருக்கிறது. 1953இல் அமெரிக்க வானியலாளர் ஹொரேஸ் பாப்காக் முன்வைத்த யோசனை: அலை எப்படிக் கசங்கியது என்று உடனுக்குடன் அளந்து, அதற்கு எதிராக ஓர் ஆடியை வளைத்துச் சரிசெய். இதற்குத் தகவமை ஒளியியல் என்று பெயர். நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை ஆடி நெளிகிறது. அளக்க ஏற்ற விண்மீன் பக்கத்தில் இல்லையென்றால், லேசர் அடித்து 90 கிலோமீட்டர் உயரத்திலுள்ள சோடியம் படலத்தை ஒளிரவைத்துச் செயற்கை விண்மீன் ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறார்கள். நம் பால்வெளியின் நடுவே கருந்துளையைச் சுற்றும் விண்மீன்களை இவ்வளவு துல்லியமாகத் தொடர முடிந்ததற்கு இந்த நுட்பம் பெரிய காரணம். அந்த வேலைக்கு 2020இல் நோபலும் கிடைத்தது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘பார்வை’ என்றால் கண்ணைக் குறிக்கும். ‘காண்திறன்’ பார்ப்பவரின் திறமையாகிவிடும். ‘வான்தெளிவு’ வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது: மழை பெய்து தூசி அடங்கியபின் வானம் பளிச்சென்று இருக்குமே, அது. அப்படிப்பட்ட இரவில் சீயிங் படுமோசமாக இருக்கலாம், லேசான புகைமூட்டத்தில் சனியின் வளையம் செதுக்கியதுபோல் நிற்கவும் செய்யலாம். ‘வளிக்கொந்தளிப்பு’ நல்ல சொல், ஆனால் அது காரணத்தின் பெயர். என் ஓட்டு ‘காண்நிலை’க்கு. வானிலைபோல நன்று, மோசம் என்று சொல்லலாம்; வெப்பநிலைபோல எண் போட்டும் சொல்லலாம்: ‘காண்நிலை 1.5 விகலை’. எண் சிறியதானால் காண்நிலை நல்லது.

வெறுங்கணிப்பில் பதிவு எழுதுபவர்கள் எந்த அளவுகோல் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அண்டோனியாடி அளவில் 1 மிகச் சிறந்தது, 5 மிக மோசம். பிக்கரிங் அளவில் நேர்மாறாக 10 தான் உச்சம். வெறுமனே ‘காண்நிலை 2’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது.