குட்டி அதிகம் போட்டால் தண்ணீர் நல்லதா?

மீன் வளர்ப்பவர்களுக்கு டாப்னியா என்ற சின்னஞ்சிறு நன்னீர் உயிரியைத் தெரிந்திருக்கும். மீன்குஞ்சுகளுக்கு இரையாகப் போடுவார்கள். நாங்கள் அதை வைத்து நீரின் நச்சைச் சோதிக்கிறோம். பிறந்து 24 மணி நேரம் ஆகாத குட்டிகளைத் தனித்தனிக் குவளையில் விட்டு, 21 நாள் பார்த்துக்கொண்டே இருப்போம். உடம்பு கண்ணாடிபோல இருக்கும். முதுகுப் பைக்குள் கருக்களுக்குக் கறுப்பாகக் கண் வைப்பதுகூட நுண்ணோக்கியில் தெரியும்.

ஒருமுறை ஓர் ஆலையின் கழிவுநீரைச் சோதித்தோம். மிகக் குறைவாகக் கலந்த குவளைகளில் இருந்தவை, நல்ல தண்ணீரில் இருந்தவற்றைவிட அதிகம் குட்டி போட்டன. அறிக்கை வாங்க வந்தவர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்போ எங்க தண்ணி நல்லதுதானே மேடம்?”

இல்லை. இதைப் பொறுமையாகச் சொல்லியாக வேண்டும்.

அளவு கூடினால் கொல்லும் பொருளே சிற்றளவில் தூண்டிவிடுவது புதிய செய்தி அல்ல. 1888-இல் ஜெர்மனியில் ஹூகோ ஷூல்ஸ், கிருமிநாசினிகளை மிகக் குறைவாகச் சேர்த்தபோது ஈஸ்ட் இன்னும் வேகமாக நொதிப்பதைக் கண்டார். 1943-இல் சௌதம், எர்லிக் என்ற இரு ஆய்வாளர்கள், செடார் மரச் சாற்றில் பூஞ்சைகள் அப்படியே நடந்துகொள்வதைப் பார்த்து ‘ஹார்மெசிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். இந்தத் தூண்டல் பெரும்பாலும் இயல்பைவிட 30 முதல் 60 சதவீதம் கூடுவதோடு நின்றுவிடும். நச்சு தாக்கியதும் உடல் சரிசெய்யப் பார்க்கிறது. அதில் தேவைக்கு மேலேயே போய்விடுகிறது என்பது ஒரு விளக்கம்.

ஆனால் கழிவுநீரில் கூடும் எல்லாமே ஹார்மெசிஸ் ஆகிவிடாது. அதிலுள்ள பாக்டீரியாவும் நுண்துகளும் டாப்னியாவுக்கு இரை. தழைச்சத்தும் மணிச்சத்தும் இருந்தால் டாப்னியா தின்னும் பாசி செழிக்கும். அது வெறும் உரம். உண்மையான தூண்டலாகவே இருந்தாலும், வேளாவேளைக்கு இரை கிடைத்து, பிடித்துத் தின்ன மீன் இல்லாத குவளையில் நடப்பது அது. குளத்தில் நச்சு தனியாக வருவதில்லை. வெயிலோடும் பசியோடும் சேர்ந்து வருகிறது. டாப்னியாவைத் தூண்டும் அளவு பக்கத்தில் நீந்தும் மீன்குஞ்சைக் கொன்றுவிடலாம்.

ஆகவே அறிக்கையில் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். தாய்கள் எவ்வளவு வளர்ந்தன, போட்ட குட்டிகள் பிழைத்தனவா என்று கேளுங்கள். கீழே உள்ள வரிகளையும் படியுங்கள்.

வந்தவருக்கும் அந்தத் தாளைத் திருப்பி, கடைசி வரியில் விரலை வைத்துக் காட்டினேன். கழிவுநீர் மிக அதிகமாகக் கலந்த குவளைகளின் வரி அது. அந்தச் செறிவில் முதல் ஈற்றுவரைகூட ஒரு தாயும் உயிரோடு இருக்கவில்லை.