நாய் உண்ணி குடியிருப்பது சுவரில்

நாயைக் குளிப்பாட்டி, காது மடலைப் புரட்டி, உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாலும் அடுத்த வாரம் அதே அளவு ஏறிவிடும். நம் ஊர் நாய்களைக் கடிக்கும் பழுப்பு நாய் உண்ணி, வாழ்நாளில் சிறு பகுதியைத்தான் நாயின் மேல் கழிக்கிறது. குஞ்சு, இளம் உண்ணி, முதிர்ந்த உண்ணி என மூன்று பருவத்திலும் ஒருமுறை ஏறி, சில நாள் ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழும். பிறகு இடுக்கில் ஒளிந்து தோலுரிக்கும். கடைசியில் ஆமணக்கு விதை அளவு உப்பிய பெண் உண்ணி சுவரேறி, விரிசலுக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். வெப்பமான ஊரில் இந்தச் சுற்று இரண்டு மாதத்தில் முடியலாம். முதிர்ந்த உண்ணி தீனியில்லாமல் பல மாதம் தாக்குப்பிடிக்கும் என்பதால், நாயை ஒரு மாதம் வேறு வீட்டில் விட்டுவைத்தும் பலனில்லை.

ஆகவே மருந்தில்லாத தடுப்பின் பெரும்பகுதி கொத்தனார் வேலை. நாய் படுக்கும் இடத்தைச் சுற்றி, தரையோரம் தொடங்கிக் கூரை சேரும் இடம்வரை, இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி, பெயர்ந்த பூச்சு, மின்குழாயின் பின்புறம், மரக்கட்டிலின் மூட்டு ஆகியவைதான் வழக்கமான ஒளிவிடங்கள். சிமென்ட் அல்லது ஒயிட் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடிக்கலாம். சுண்ணாம்பு நுண்ணிய வெடிப்புகளையும் மூடும். ஈரச் சுண்ணாம்பு பாதத்தைப் புண்ணாக்கும். நன்றாகக் காயும்வரை நாயை அங்கே விடக்கூடாது. சாக்குப் படுக்கை வேண்டாம், அதன் தையலே உண்ணிக்குக் கூடு. பருத்தித் துணி விரித்து, வாரம் ஒருமுறை கொதிநீரில் போட்டு எடுங்கள். ஒளிந்திருப்பவை ஒரே நாளில் வெளியே வராது. அதனால் இந்தச் சோதனை குறைந்தது மூன்று மாதம் தொடர வேண்டும்.

தெள்ளுப்பூச்சியின் கதை வேறு. அதன் முட்டை நாயின் மேலிருந்து உதிர்ந்து படுக்கையிலும் தரையிலும் விழும். புழுவுக்கு ஈரப்பதமும் இருட்டும் வேண்டும். கடும் வெயிலில் காயப்போட்ட துணியில் அது வறண்டு செத்துவிடும். உண்ணியோ வெயில் பட்டால் விரிசலுக்குள் நகர்ந்துவிடும்.

வேப்பெண்ணெய்க்கு உண்ணியை ஓரளவு விரட்டும் தன்மை உண்டு. ஆனால் அது நீடிக்காது, நாய் நக்கினால் வாந்தி எடுக்கும். அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. பூண்டு கொடுப்பதுதான் மோசமான யோசனை. பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உண்ணி பரப்பும் பபேசியா கிருமியும் அதே வேலையைத்தான் செய்கிறது. மண்ணெண்ணெய், பினாயில், கற்பூர எண்ணெய் எதையும் தோலில் தடவக்கூடாது.

ஒட்டிய உண்ணியை நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போடுங்கள். நசுக்கினாலோ சூடு வைத்தாலோ அதன் உமிழ்நீர் காயத்துக்குள் போகக்கூடும். விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி, அக்குள் ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். ஆனாலும் உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான எர்லிச்சியா, அது கடித்த சில மணி நேரத்திலேயே உடலுக்குள் போய்விடும். அதனால் வீட்டில் உண்ணி பெருகியிருக்கும் காலத்தில், கால்நடை மருத்துவர் எடை பார்த்துத் தரும் உண்ணிக்கொல்லி மாத்திரையையும் சேர்த்துக்கொள்வதே புத்திசாலித்தனம். ஏறும் உண்ணிகள் கடித்துச் சாகும்போது நாயே ஒரு பொறியாகி வீட்டைக் காலிசெய்கிறது.

எர்லிச்சியா நீண்டகாலத் தொல்லை. கடித்த ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல், சோர்வு, தீனி மறுப்பு தெரியும். சில நாய்களில் அது தானாகவே தணியும். கிருமி மட்டும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட, உள்ளே தங்கி எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும். பிறகு ஒருநாள் மூக்கில் ரத்தம் வடியும். வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவ நாய்கள் நூற்றுக்கணக்கில் இதற்குத்தான் பலியாயின. இதற்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் வழக்கமாக 28 நாள் கொடுக்கப்படுகிறது. பத்தாம் நாளே நாய் துள்ளுகிறதென்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். உண்ணி கடித்த நாய்க்கு வருடம் ஒருமுறை பிளேட்லெட் எண்ணிக்கை பார்ப்பது நல்லது. ஈறு வெளுத்திருந்தாலோ சிறுநீர் அடர்பழுப்பாகப் போனாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.