மூவ்மென்ட் ஆர்டர்: தமிழில் எப்படிச் சொல்வது?

வெளிநாட்டில் நிறுத்தப்பட்ட ஒரு படைவீரர் எல்லையைக் கடக்கும்போது கடவுச்சீட்டும் இல்லை, விசாவும் இல்லை. கையில் ஓர் அடையாள அட்டையும் ஒரு தாளும் மட்டும். அந்தத் தாளுக்குப் பெயர்தான் ‘மூவ்மென்ட் ஆர்டர்’. இன்னார், இந்தப் படையைச் சேர்ந்தவர், இன்ன நாளில் இன்ன இடத்திலிருந்து இன்ன இடத்துக்குப் போகும்படி பணிக்கப்பட்டிருக்கிறார் என்று அவருடைய அரசே எழுதித் தருவது.

செய்திகளில் இதைப் ‘பயண அனுமதி’ என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழை. அனுமதி என்பது போக விரும்புகிறவர் கேட்டு வாங்குவது. இங்கே யாரும் எதையும் கேட்கவில்லை; ‘போ’ என்று மேலிடம் சொல்கிறது. போகாவிட்டால் தண்டனை உண்டு. கடவுச்சீட்டு, ‘எங்கள் குடிமகனைத் தடையின்றிப் போகவிடுங்கள்’ என்று பிற நாட்டை வேண்டும் ஆவணம். மூவ்மென்ட் ஆர்டர் சொந்த ஆளுக்கு இடும் கட்டளை. பிற நாடு அதை ஏற்றுக்கொள்வது முன்பே கையெழுத்தான ஓர் ஒப்பந்தத்தால்தான். ஒப்பந்தம் இல்லாத நாட்டில் அந்தத் தாளைக் காட்டி நுழைய முடியாது.

ஆங்கிலச் சொல்லின் இரண்டு பாதிகளுமே இலத்தீன் வழி வந்தவை. ‘மூவ்மென்ட்’டுக்கு அடி ‘மொவேரே’, அதாவது அசைத்தல், நகர்த்தல். ‘ஆர்டர்’ வந்தது ‘ஓர்டோ’விலிருந்து, அதன் பழைய பொருள் வரிசை. ரோமானியப் படையில் வீரர் நிற்கும் வரிசைக்கும் அதே சொல். வரிசை, ஒழுங்காகி, பிறகு கட்டளையானது. நம் ‘அணி’யும் வரிசையையும் படையையும் ஒருசேரக் குறிக்கிறது, ஆனால் கட்டளை என்ற பொருள் வரைக்கும் அது போகவில்லை.

இந்தத் தாளுக்குப் பன்னாட்டு மதிப்பு தந்த முக்கிய ஆவணம், நேட்டோ நாடுகள் 1951 ஜூன் 19 அன்று லண்டனில் கையெழுத்திட்ட ஒப்பந்தம். 1953 ஆகஸ்ட் 23 அன்று நடைமுறைக்கு வந்தது. ‘ஸ்டேட்டஸ் ஆஃப் ஃபோர்சஸ் அக்ரிமென்ட்’ என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்துப் படைமுகாம்களில் ‘சோஃபா’ என்பார்கள். ‘சோஃபா முத்திரை’ என்று ஒருவர் சொன்னால் நாற்காலியைத் தேடக் கூடாது. தமிழில் ‘படைநிலை ஒப்பந்தம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். படை எங்கே நிலைகொண்டிருக்கிறது என்பதைப் பற்றியது போல் அது ஒலிக்கிறது. பேசப்படுவது அவர்களுடைய சட்டநிலை. ஆகவே ‘படையினர் சட்டநிலை ஒப்பந்தம்’ என்பதே சரி. படையை அனுப்புவது ‘அனுப்பும் நாடு’, இடம் தருவது ‘ஏற்கும் நாடு’.

அதன் 3ஆம் பிரிவு படைவீரருக்குக் கடவுச்சீட்டு, விசா விதிகளிலிருந்தும் குடிவரவுச் சோதனையிலிருந்தும் விலக்கு அளிக்கிறது. வெளிநாட்டவர் பதிவு விதிகளும் அவருக்கு இல்லை. ஆனால் எத்தனை ஆண்டு இருந்தாலும் அதை வைத்து நிரந்தர வசிப்புரிமை கோர முடியாது. விலக்குக்கு ஈடாக இரண்டு ஆவணங்கள் கையில் இருக்க வேண்டும். ஒன்று, பெயர், பிறந்த நாள், பதவி, இருந்தால் படை எண், எந்தப் படை என்பது, புகைப்படம் ஆகியவை கொண்ட அடையாள அட்டை. மற்றொன்று மூவ்மென்ட் ஆர்டர். இது அனுப்பும் நாட்டின் மொழியிலும், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்க வேண்டும். ஏற்கும் நாடு விரும்பினால் தன் பிரதிநிதியின் மேலொப்பத்தையும் கேட்கலாம். சொந்த மொழியில் மட்டும் அச்சடித்துக்கொண்டு வந்தால் எல்லைச் சாவடியில் நிறுத்திவைக்க ஒப்பந்தமே இடம் தருகிறது.

ஜப்பானில் உள்ள அமெரிக்கப் படைக்கான 1960 ஜனவரி 19 ஒப்பந்தம் இதே ஏற்பாட்டை 9ஆம் பிரிவில் சொல்கிறது. ஆனால் அங்கே சொல் ‘டிராவல் ஆர்டர்’. பொருள் மாறவில்லை. இந்தியப் படையில் ‘மூவ்மென்ட் ஆர்டர்’ என்பதே வழக்கு, உள்நாட்டுக்குள்ளேயும். ஒரு யூனிட்டிலிருந்து இன்னொன்றுக்கோ பயிற்சிக்கோ அனுப்பும்போது, எந்த நாள் புறப்பட்டு எங்கே ஆஜராக வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார்கள். அதோடு ரயில் சீட்டு எடுக்க ‘வாரண்ட்’ வரும். ‘மகனுக்கு வாரண்ட் வந்திருக்கு’ என்பதைப் பட்டாளத்தார் இல்லாத வீட்டில் சொன்னால் கைது ஆணை என்று பதறிவிடுவார்கள்.

இனித் தமிழ்ச் சொல். ‘ஆர்டர்’ என்பதற்கு ‘ஆணை’ போதும். வடமொழி ‘ஆஜ்ஞா’வின் பிராகிருத வடிவம் வழியே வந்தது என்பார் ஒரு சாரார், ‘ஆள்’ என்ற வேரோடு சேர்ப்பார் இன்னொரு சாரார். எப்படியானாலும் ‘அரசாணை’, ‘பணியாணை’ என்று அலுவலகத் தமிழில் நன்றாக ஊன்றிவிட்டது. சிக்கல் ‘மூவ்மென்ட்’டில்தான்.

‘பயண ஆணை’ மோசமில்லை. ஜப்பான் ஒப்பந்தத்தின் ‘டிராவல் ஆர்டரு’க்கு அதுவே போதும். ஆனால் பயணம் என்றதும் தனியாள் ஊருக்குப் போய்வருவதுதான் மனத்தில் வருகிறது. ஒரு பட்டாலியன் வண்டிகளோடு எல்லை தாண்டுவதை அது தாங்காது. ‘இடப்பெயர்வு ஆணை’ என்றால் ஈழத்தமிழ் வாசகருக்கு வேறொன்று நினைவுக்கு வரும்: போரில் வீட்டை விட்டு ஓடியவர்களின் இடப்பெயர்வு. படைவீரரின் தாளுக்கு அந்தச் சொல்லைக் கொடுப்பது கூசுகிறது. சங்கத் தமிழில் ‘செலவு’ என்றாலே போதல்தான். பொருள் தேடிப் புறப்பட்ட தலைவன் தயங்கி நிற்பதைச் ‘செலவழுங்கல்’ என்பார்கள். அழகான சொல். ஆனால் இன்று ‘செலவாணை’ என்று எழுதினால் கோப்பு கணக்குப் பிரிவுக்குப் போய்விடும்.

மீதி ‘நகர்வு’. ‘படை நகர்வு’ என்று நாளிதழ்கள் நெடுங்காலமாக எழுதிவருகின்றன. ஒருவருக்கும் பொருந்தும், ஆயிரம் பேருக்கும் பொருந்தும், சரக்குக்கும் பொருந்தும். ‘அரசாணை’ போலவே சேர்த்து ‘நகர்வாணை’ என்று ஒரே சொல்லாக எழுதலாம். ஒருவருக்கானது ‘தனி நகர்வாணை’, குழுவுக்கானது ‘கூட்டு நகர்வாணை’.

கூட்டு நகர்வாணையில்தான் தவறுகள் அதிகம் நடக்கும். நாற்பது பேருக்கு ஒரே தாள்; அது குழுத்தலைவரின் பையில் இருக்கும். வழியில் ஒருவர் காய்ச்சலில் விழுந்து மருத்துவமனையில் தங்கிவிட்டால், குழு போன பிறகு அவர் கையில் அட்டை மட்டுமே மிஞ்சும். பெயர்ப் பட்டியலின் நகல் அவரைக் காப்பாற்றாது. தேதியும் வழியும் குழுவுக்கு எழுதியவை. அவருக்குப் புதிதாகத் தனி நகர்வாணை வர வேண்டும். அணியாக எல்லை கடக்கும் படைப்பிரிவு சீருடையில் இருக்க வேண்டும் என்பதும் (நேட்டோ ஒப்பந்தம், பிரிவு 5) பலர் மறக்கும் விதி. ஆயுதத்துக்கு நகர்வாணை மட்டும் போதாது. ஆயுதம் வைத்திருக்க அவருக்கு இடப்பட்ட ஆணை அனுமதிக்க வேண்டும் (பிரிவு 6).

இன்னொரு குழி, பயணிகள் விமானம். நகர்வாணை செல்லுபடியாவது ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளில் மட்டும். இடையில் விமானம் மாறும் நாடு ஒப்பந்தத்துக்கு வெளியே இருந்தால், அங்கே வெளியே வந்து பெட்டியை எடுக்கவோ ஓர் இரவு தங்கவோ நேர்ந்தால், அவர் கடவுச்சீட்டு இல்லாத வெளிநாட்டவர், அவ்வளவுதான். அதற்கு முன்பே செக்-இன் மேசையில் தடுக்கப்படுவதும் உண்டு. ஆவணமில்லாத பயணியை ஏற்றினால் பல நாடுகளில் அபராதம் விமான நிறுவனத்தின் தலையில். அதனால் பழக்கமில்லாத ஊழியர் இந்தத் தாளைப் பார்த்துத் தயங்குவார். விடுமுறைப் பயணம் இன்னும் சிக்கல். தாளில் எழுதிய பணிப் பயணத்துக்குத்தான் அது சான்று; வார இறுதியில் பக்கத்து நாட்டைப் பார்க்கப் போகிறவர் சாதாரணக் கடவுச்சீட்டை எடுத்துக்கொள்வதே புத்தி.

அடையாள அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் வேர் வேறு ஒப்பந்தத்தில் இருக்கிறது: 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தம், பிரிவு 17. போரில் பிடிபடக்கூடிய ஒவ்வொருவருக்கும் பெயர், பதவி, படை எண், பிறந்த நாள் காட்டும் அட்டை தர வேண்டும், இயன்றவரை 6.5 × 10 சென்டிமீட்டர் அளவு, இரண்டு படிகள். கேட்டால் காட்ட வேண்டும், ஆனால் எந்த நிலையிலும் அதை அவரிடமிருந்து பறிக்கக் கூடாது. சிங்கப்பூரில் தேசிய சேவைக்குப் போன தமிழ் இளைஞர்களுக்குப் படை அடையாள அட்டை ‘லெவன் பி’ என்ற பெயரில் பழக்கம். அந்நாட்டில் தேசிய சேவைக் கடமை உள்ளவர் நீண்ட காலம் வெளிநாடு சென்றால் ‘எக்ஸிட் பெர்மிட்’ வாங்க வேண்டும். கேட்டு வாங்குவதால் அது உண்மையிலேயே அனுமதி: ‘வெளிச்செல் அனுமதி’. ஆணைக்கும் அனுமதிக்கும் உள்ள வேறுபாடு இங்கே பளிச்சென்று தெரியும்.

குடும்பத்தாருக்கு நகர்வாணையின் விலக்கு கிடையாது. நேட்டோ ஒப்பந்தப்படி மனைவி அல்லது கணவரும், தம்மை நம்பியிருக்கும் பிள்ளைகளும் ‘டிபெண்டென்ட்’, தமிழில் ‘சார்ந்தோர்’. இவர்களுக்கும் படையோடு வரும் குடிசார் ஊழியருக்கும் கடவுச்சீட்டு வேண்டும். அவர்கள் யார் என்பது அதிலேயே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். படைவீரரின் தாய் தந்தையர் இந்த வரையறைக்குள் வரமாட்டார்கள். ஜப்பான் ஒப்பந்தம் சற்றுத் தாராளம்: 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடு, பாதிக்கு மேல் வீரரின் வருவாயை நம்பியிருக்கும் பெற்றோரையும் சேர்க்கிறது. ‘குடும்பம்’ என்று மொழிபெயர்த்தால் இந்த வேறுபாடு கரைந்துவிடும். நம் ஊரில் குடும்பம் என்றால் மாமியாரும் உண்டு.

அமெரிக்கக் குடும்பங்கள் பணி நிமித்தம் பெறும் கட்டணமில்லாக் கடவுச்சீட்டு ஒன்று, சொந்தப் பயணத்துக்கான சாதாரணக் கடவுச்சீட்டு ஒன்று என இரண்டை வைத்திருப்பது வழக்கம். ஜெர்மனியில் இருப்பவரின் மனைவி சாதாரணக் கடவுச்சீட்டில் மட்டும் போய்வந்து, சட்டநிலை முத்திரையோ சான்றிதழோ அதில் இல்லை என்றால், எல்லை அதிகாரிக்கு அவர் சுற்றுலாப் பயணி. 180 நாளில் 90 நாள் மட்டுமே தங்கலாம் என்ற ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதி) கணக்கு ஓடத் தொடங்கும். ஓராண்டு தங்கியவர் வெளியேறும்போது ‘அதிகம் தங்கிவிட்டீர்கள்’ என்று பிடிபடுவார். உண்மையில் அவர் குற்றம் செய்யவில்லை, நிரூபிக்கும் தாள்தான் இல்லை.

ஐ.நா. அமைதிப்படைக்கு 1990இல் வெளியான மாதிரி ஒப்பந்தமும் இதே இரட்டை ஆவண முறையைப் பின்பற்றுகிறது. முதல்முறை நுழையும்போது மட்டும், ஐ.நா. பணிக்குழுவின் அட்டைக்குப் பதில் சொந்த நாட்டு அட்டை போதும்.

நகர்வாணை ஆளோடு காகிதத்தையும் காக்கும் இடம் ஒன்று நேட்டோ ஒப்பந்தத்தின் 11ஆம் பிரிவில் இருக்கிறது. முத்திரையிட்ட அலுவல் கடிதங்களைச் சுங்கத்தார் பிரிக்கக் கூடாது. ஆனால் அவற்றைக் கொண்டுபோகிறவர், அவர் எந்த நிலையினரானாலும், தனி நகர்வாணை வைத்திருக்க வேண்டும். அதில் எத்தனை உறைகள் என்ற எண்ணிக்கையும், உள்ளே அலுவல் ஆவணங்கள் தவிர வேறில்லை என்ற உறுதியும் எழுதியிருக்க வேண்டும். தாளில் ஐந்து உறை, பையில் ஆறு என்றால் ஆறாவது உறைக்கு அந்தத் தாள் சான்றாகாது.